நெருப்புக்குள் போய் வந்த அம்மாவின் கெம்பு: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காஸ்டிங் பட்டறை

"கல்லை முதல்ல பதிச்சிருவோம்மா. வெள்ளியை அதுக்கப்புறம்தான் ஊத்துவோம்" என்று பட்டறை அண்ணன் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 17 வருடமாக ஆரி வேலை செய்கிறேன். பிளவுஸில் ஒட்டிய கல்மேல் இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாலே கல் மங்கிப்போவதைப் பார்த்தவள் நான். உருகிய வெள்ளிக்கு நடுவே அம்மாவின் கெம்பை எப்படி விடுவது?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. நகையை முதலில் மெழுகில் செய்து, அதில் கல்லைப் பதித்து, சுற்றிலும் அச்சு மாவை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுவதுதான் அங்கே நடக்கும் காஸ்டிங். பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நகைக்கடைக்காரர்களுக்குச் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். என்னைப் போலத் தனியாக வருகிறவர்களுக்கு, தெரிந்தவர்கள் யாராவது சொல்லி அனுப்பினால் மட்டும் செய்கிறார். என்னிடம் பிளவுஸ் தைக்கும் பனங்காட்டு அக்கா ஒருவர் வீட்டில் கொலுசுக்குச் சலங்கை வைக்கும் வேலை நடக்கிறது. அவர் மூலமாகத்தான் போனேன். சேலத்தில் இப்படி ஒரு வழி கிடைப்பது கஷ்டமில்லை. சிவதாபுரம், பனங்காடு, மணியனூர் பக்கம் போனால் வெள்ளி வேலை தெரிந்த வீடு தெருவுக்குத் தெரு உண்டு.

விஷயம் இதுதான். என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அத்தை முறைக்கு ஏதாவது செய்ய வேண்டும். அம்மாவின் ஏழு கல் தோடு ஒரு ஜோடி இருந்தது. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தங்கத்தை விற்றபோது, கற்களை மட்டும் பிரித்து வாங்கிக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருந்தார் அம்மா. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே எங்களை வளர்த்தவர். "பர்மா கெம்புடீ, தொலைச்சிடாதே" என்று சாகும்வரை சொன்னார். சிவப்புக் கல் 14, அதோடு ஒரு செவ்வந்திக் கல். இவற்றை வைத்து வெள்ளியில் ஒரு பதக்கமும் தோடும் செய்து அம்மாவின் பேத்திக்குப் போட வேண்டும் என்பது என் ஆசை. கூடவே, வெள்ளைக் கல் வைத்த கொலுசு ஒரு ஜோடி.

முதல் நாள் பட்டறை அண்ணன் வேலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, லென்ஸில் ஒவ்வொன்றாக, சில கற்களைக் குறுக்கிலும் சாய்த்தும், ஒரு மணி நேரம் பார்த்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம்தான் சொன்னார்: 14-ல் 11 கல் கெம்பு, ஆனால் மண்ணில் விளைந்தது இல்லை, செய்த கெம்பு. மீதி 3 வெறும் சிவப்புக் கண்ணாடி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அவசரப்படாமல் லென்ஸை என் கையில் கொடுத்துக் காட்டினார். செய்த கெம்பின் உள்ளே, இசைத்தட்டின் கோடு மாதிரி, வளைந்த மெல்லிய வரிகள் தெரிந்தன. இயற்கைக் கல்லில் வரிகள் நேராகத்தான் ஓடுமாம். பிரான்சில் வெர்னாய் என்ற வேதியியலாளர் 1902-லேயே இந்த முறையை உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அலுமினிய ஆக்சைடுப் பொடியைக் கொழுந்து விட்டெரியும் தீயில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்ப்பது. பாட்டி காலத்துத் தோடுகளிலேயே இந்தக் கல் நிறைய வரும், வாங்கிக் கொடுத்த தாத்தாவுக்கே தெரிந்திருக்காது என்றார் அண்ணன். "பொருள் அதேதாம்மா. அதே அலுமினியம், அதே குரோமியம். 2000 டிகிரிக்கு மேலதான் உருகும். எங்க உலை அதை ஒண்ணும் பண்ணாது." பர்மா கெம்பு என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு வேலையை முடித்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தப் பட்டறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

கண்ணாடிக் கல் மூன்றையும் எடுத்துத் தனியாக மடித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சூட்டில் கண்ணாடி இளகிப் பட்டை மழுங்கிவிடும். செவ்வந்திக் கல்லையும் தொடவே மாட்டேன் என்றார். 400, 500 டிகிரியில் அதன் ஊதா போய் மஞ்சளாகவோ வெளிறியோ போய்விடுமாம். கல்யாணப் பெண் முத்து வைக்க முடியுமா என்று போனில் கேட்டாள். முத்து எரிந்து சுண்ணாம்பாகிவிடும் என்று பதில் வந்தது. மரகதமும் கூடாது. அதன் உள்ளே இயற்கையாகவே விரிசல்கள் இருக்கும், பல கற்களில் அதை எண்ணெய் ஊற்றி மறைத்திருப்பார்கள். இப்போது மலிவாக விற்கும் கெம்பில், விரிசலுக்குள் ஈயக் கண்ணாடி ஏற்றிய ரகம் ஒன்று உண்டு. அதைத்தான் அவர் ரொம்பப் பயத்தோடு சொன்னார். பார்க்க நல்ல கெம்பு மாதிரியே இருக்கும், உலையில் போனால் கண்ணாடி வழிந்து கல் பொரிந்த மாதிரி வெளியே வரும். உங்களிடம் சமீபத்தில் வாங்கிய கெம்பு இருந்தால் லென்ஸில் காட்டாமல் எந்தப் பட்டறையிலும் இந்த வேலைக்குக் கொடுக்காதீர்கள். தாங்குகிற கற்கள் என்று அவர் சொன்னவை: வைரம், கெம்பு, நீலம், நல்ல சுத்தமான கார்னெட், அப்புறம் நம் ஊரில் ஏடி கல் என்று சொல்லும் ஜிர்கோனியா.

வெள்ளி விஷயத்திலும் என்னைத் திருத்தினார். என் பழைய கொலுசை உருக்கி அதிலேயே செய்யச் சொல்லிக் கொண்டுபோயிருந்தேன். டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு) பார்த்ததில் 70-ஐ ஒட்டித்தான் இருந்தது. கண்ணிக்குக் கண்ணி பற்றுப்பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த கொலுசு, அந்தப் பற்றுப்பொடியெல்லாம் சேர்ந்து உருகினால் வார்ப்பில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் வரும் என்றார். பழையதை அதன் டச்சுக்குக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு, புதிதாக 925 வெள்ளியில் (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) செய்தார்.

மெழுகு வேலையை நேரில் பார்க்க விட்டார்கள். இதற்காகவே நான் இரண்டு தடவை போனேன். ரப்பர் அச்சுக்குள் மெழுகை ஏற்றிப் பதக்கத்தை முதலில் மெழுகில் எடுக்கிறார்கள். வெட்டுக்கிளிப் பச்சை நிறத்தில், நகம் பட்டால் கீறல் விழும் அளவுக்கு மென்மையாக இருந்தது. அதில் கல் பதிப்பது ஒரு அக்கா. இடது கையில் இடுக்கி, வலது கையில் நுனி சூடாகும் பேனா மாதிரி ஒரு கருவி. கல்லை இருக்கையில் வைத்து, கல்லைப் பிடிக்கும் சின்ன மெழுகுக் காலை லேசாக இளக்கி, கல் விளிம்புமேல் ஒரு மயிரிழை சாய்க்கிறார். ஆரி ஊசி பிடிக்கிற எனக்கு அந்தக் கையின் நிதானம் புரிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கல் வைக்கிறார், வைத்து முடித்ததும் விடுகிறார். நானும் அப்படித்தான்.

ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் ஒரு ஓட்டை இருந்தது. இவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு என்று கேட்டேன். "மெழுகு உருகிப் போயிருச்சுன்னா கல்லை யாருக்கா பிடிப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஓட்டை வழியாகக் கீழே இருந்தும், திறந்த முகத்தில் மேலே இருந்தும் அச்சு மாவு கல்லைக் கவ்விக்கொள்கிறது. மெழுகு போன பிறகு கல் அந்த மாவின் பிடியில்தான் அந்தரத்தில் நிற்கிறது. கல்மேல் மெழுகு துளி படிந்தால் அந்த இடத்தில் வெள்ளி ஏறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தூரிகையால் துடைக்கிறார். கல்லும் கல்லும் ஒட்டக் கூடாது. வெள்ளி ஆறும்போது கெம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே சுருங்கும், இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று நெரித்து உடைத்துவிடும். கல்லைப் பிடிக்கும் காலை ரொம்ப இறுக்கமாக வைத்தாலும் அதே கதிதான்.

அப்புறம் அந்த மெழுகுத் துண்டுகளை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டுகிறார்கள். அதற்கு மரம் என்றே பெயர். மரத்தை ஒரு இரும்புக் குடுவைக்குள் நிறுத்தி, ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். 100 கிராம் பொடிக்கு 40 மில்லி பக்கம் தண்ணீர். கல் வைத்த வேலை என்றால் அந்தத் தண்ணீரில் போரிக் பவுடர் சேரும். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதேதான். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் சுடுதண்ணீரில் கரைத்து ஆற வைத்துச் சேர்க்கிறார்கள். வைரம் காற்றுப் பட்டு எரியாமல் இருக்க இது கட்டாயம், மற்ற கல்லும் மேலே மங்காமல் இருக்க உதவும் என்றார் அண்ணன். குமிழி போவதற்கு வாக்குவம் மெஷினில் வைத்து எடுக்கிறார்கள். கரைசல் பொங்கி எழுந்து உடைந்து அடங்கும். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடுவைக்குள் போகும் முன்பே இறுகிவிடும்.

உலை ராத்திரி முழுக்க எரிகிறது. கல் இல்லாத குடுவையை 730 டிகிரி வரை கொண்டுபோவார்களாம். கல் இருந்தால் 630-க்கு மேல் விடமாட்டார். சூட்டைக் குறைப்பதால் நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகின் கரி அச்சுக்குள்ளேயே தங்கி வெள்ளியைக் கெடுக்கும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். நான் போனபோது குடுவையின் சூட்டை 500 பக்கம் இறக்கி வைத்திருந்தார். 925 வெள்ளி 900 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முழுதாக உருகிவிடும். வெள்ளி உருக்கும் மூசையில் 970 காட்டியதும் ஊற்றினார். ஊற்றியது கண் சிமிட்டும் நேரம். கீழே வாக்குவம் இழுக்க, வெள்ளி ஒரு தரம் பளிச்சென்று உள்ளே இறங்கியது. நான் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

பக்கத்தில் கல் இல்லாத குடுவை ஒன்றைக் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரில் அமுக்கினார்கள். சீறிக்கொண்டு மாவு கரைந்து போனது. அம்மாவின் குடுவையை ஓரமாகச் செங்கல்மேல் வைத்துவிட்டு, "இது சாயங்காலம்மா. கைல பிடிக்கிற சூட்டுக்கு வரட்டும். இப்பத் தண்ணி பட்டா கல் அத்தனையும் வெடிச்சிரும்" என்றார். நான் நேரத்தைக் கழிக்க வெளியே போய்த் தட்டுவடை செட் வாங்கினேன், பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் மாவைக் கரைத்து எடுத்தபோது மரம் சாம்பல் பூத்த வெள்ளையாக வந்தது. அதற்கு நடுவில் சிவப்பாக அந்தக் கற்கள். 11-ல் 10 கல் அப்படியே இருந்தன. ஒன்றில், பதக்கத்தின் கீழ்க் கல்லில், குறுக்கே ஒரு விரிசல். அந்தக் கல்லின் ஓரத்தில் பழைய தட்டல் ஒன்று இருக்கிறது, ஜாமீன் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே அண்ணன் என்னிடம் காட்டி, சீட்டிலும் எழுதியிருந்தார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் இருந்தது.

அந்த இடத்தில் புதுக் கெம்பு வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். எனக்கு வேறு யோசனை வந்தது. அந்த மூன்று கண்ணாடிக் கல்லில் ஒன்றை வைக்க முடியுமா என்று கேட்டேன். விரிசல் விட்ட கல்லை எடுத்துவிட்டுக் கையால் பதிப்பதற்குச் சூடே வேண்டாம், வெள்ளிக் காலைத் தள்ளி அமுக்குவதுதான். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கல் விட்டத்தை அளந்தார். ஒரு கல் சரியாக உட்கார்ந்தது. கண்ணாடி சீக்கிரம் கீறும், தினமும் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏழு கல்லும் அம்மாவுடையதாகவே பதக்கம் முடிந்தது.

எடை விஷயம் முக்கியம். கையால் பதிக்கும் நகையில், கல் வைப்பதற்கு முன் சட்டத்தை எடை போட்டு வெள்ளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். இதில் வெள்ளி பிறக்கும்போதே கல்லோடு பிறக்கிறது. அதனால் கல்லை மெழுகில் வைப்பதற்கு முன்பே எடை போட்டு எழுதி வாங்க வேண்டும். அண்ணன் நான் கேட்காமலே போட்டார். 11 கல் சேர்ந்து 1.60 காரட். ஒரு காரட் 200 மில்லிகிராம், ஆக 0.32 கிராம். பதக்கமும் தோடும் சேர்ந்து 13.85 வந்தது, பில்லில் 13.53-க்குத்தான் வெள்ளி விலை. கொலுசில் 48 ஏடி கல், அதற்கும் அரை கிராம் பக்கம் கழித்தார். சிறிய தொகைதான், ஆனாலும் கல்லை வெள்ளி விலைக்கு வாங்கி ஏமாந்த அனுபவம் எனக்கு வேறு ஒரு கடையில் உண்டு. கூலியைப் பொறுத்தவரை, மெழுகில் பதிக்கக் கல்லுக்கு 5 ரூபாய் என்றும், அதே கல்லைக் கையால் பதிக்க 20 ரூபாய் என்றும் சொன்னார். கொலுசு மாதிரி நிறையச் சின்னக் கல் வரும் வேலையில் இந்த முறை லாபம். ஒரே ஒரு பெரிய கல் வைத்த மோதிரத்துக்கு இதில் போவதில் அர்த்தமே இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எட்டு நாளில் தருகிறேன் என்றார், 19 நாள் ஆனது. கல்யாண வேலைக்கு நடுவில் நான்கு தடவை அலைந்தேன். போன் செய்தால் எடுப்பதில்லை, உலைச் சத்தத்தில் கேட்காது என்கிறார். முதலில் கொடுத்தபோது கொலுசுக் கற்களின் அடி ஓட்டையில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் சில கல் மங்கலாகத் தெரிந்தது. திருப்பிக் கொடுத்ததும் ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுச் சுத்தம் செய்து தந்தார். கற்களுக்கு நடுவே மெருகுச் சக்கரம் போவதில்லை, அந்த இடுக்குகள் கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கின்றன. ஒரு தோட்டின் பின்பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி. கைவேலைப் பதிப்பில் கிடைக்கும் கூர்மையான விளிம்பு இதில் இல்லை. வித்தியாசம் தெரிந்த கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கல் பிடிப்பு பலமாக இருக்கிறது. ஆறு மாதமாகப் பெண் கொலுசை ஏற்காட்டில் தினமும் போடுகிறாள், தோட்டத்துக்குள் நடக்கிறாள், 48-ல் ஒரு கல்கூட விழவில்லை.

மலை ஈரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊற வைத்துப் பழைய மென்மையான பிரஷால் பின் ஓட்டைகளையும் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். பதக்கத்தை அதிகம் தேய்க்கக் கூடாது, கீழே இருப்பது கண்ணாடி. கொக்கி அறுந்தால் தெருவில் பற்றவைக்கக் கொடுக்க வேண்டாம், தன்னிடமே கொண்டுவரச் சொல்லி அண்ணன் சீட்டின் பின்னால் எழுதித் தந்திருக்கிறார். உலையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கிய சூட்டைத் தாங்கிய கல், ஊதுகுழலின் தீ ஒரு பக்கம் மட்டும் பட்டால் தாங்காமல் போகலாம்.

செவ்வந்திக் கல்லைச் சேலத்தில் குகை என்ற பகுதியில் கையால் கல் பதிக்கும் ஒரு பெரியவரிடம் மோதிரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த முகவரியைக் கொடுத்ததும் இந்தப் பட்டறை அண்ணன்தான்.

தெரிந்தவர் மூலம் போகிறவர்கள் காலை 11 மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் ஊற்றுகிற நேரம், அங்கே யாரும் தலை நிமிர மாட்டார்கள். கல்லை எந்தக் கடையில், எந்த வருடம் வாங்கினீர்கள் என்று தெரிந்தால் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.